ஒலிநாடாவும் தோட்டத்துக் குரலும்

தோட்டத்துக் காரியாலயத்தில் கணக்கெழுதும் உத்தியோகம் நம்முடையது. விடியுமுன் பெரட்டுக் களத்திலே பெயர் கூப்பிட்டு, வந்தவர் யார், வாராதவர் யார் என்று செக்ரோலில் குறிப்பது கிராணிமாருக்கு நெடுங்காலமாக விதிக்கப்பட்ட வேலை. இன்று அக்கணக்குக் கணிப்பொறியில் ஏறிவிட்டது. பால்மரம் நின்ற நிரைகளில் செம்பனை நிற்கின்றது. பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் அருகிப் பிறநாட்டார் பெயர்கள் மிகுந்துவிட்டன. ஆயினும் பழைய செக்ரோல் புத்தகங்கள் சில நமது காரியாலயத்து அலமாரியில் இன்னும் கிடக்கின்றன. அவற்றைப் புரட்டினால் ஆளின் பெயர், நம்பர், வேலை செய்த நாள், பிடித்தம் போக மிஞ்சிய சம்பளம் ஆகிய யாவும் ஒரு காசு பிசகாமல் காணக்கிடைக்கும். ஆனால் அந்த ஆள் எப்படிப் பேசினான், என்ன பாடினான், எதை நினைந்து அழுதான் என்பதற்கு அப்புத்தகங்களில் ஒரு பத்தியும் இல்லை.

ஒலியைப் பதியும் யந்திரம் 1877ஆம் ஆண்டிலேயே உலகத்தில் தோன்றிவிட்டது. தமிழர் பெருந்திரளாகக் கப்பலேறி மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தது அதற்குப் பின்னர்தான். அஃதாவது, நம் முன்னோர் இங்கு வந்து இறங்கிய காலத்தில் குரலைப் பிடித்துவைக்கும் வித்தை உலகில் இல்லாமற்போகவில்லை. இருந்தும் அவர்கள் குரல் நமக்குக் கிட்டவில்லை. ஏன்? யந்திரத்தின் குற்றமா, அதை வைத்திருந்தவர்களின் குற்றமா, அல்லது நம்முடைய குற்றமா? இவ்வினாவுக்கு விடை காணவேண்டுமாயின் ஒலிப்பதிவின் வரலாற்றை அடியிலிருந்தே நோக்குதல் வேண்டும்.

எடிசன் தந்ததும் பெர்லினர் மாற்றியதும்

அமெரிக்கரான தாமஸ் ஆல்வா எடிசன் 1877ஆம் ஆண்டின் இறுதியில் செய்த போனோகிராப் யந்திரம் மிக எளியது. உருளையொன்றின்மேல் மெல்லிய வெள்ளீயத் தகடு சுற்றியிருக்கும். ஒருவர் குழாயின் வாயில் பேசினால் அதன் அடியிலுள்ள சவ்வு அதிரும். அதிர்வுக்கேற்ப ஊசி தகட்டில் பள்ளம் இடும். அதே பள்ளத்தின்மீது ஊசியை மறுபடி ஓடவிட்டால், பேசிய பேச்சே திரும்பக் கேட்கும். பேச்சு என்பது வாயைவிட்டுப் போனால் போனதுதான் என்று ஆதிமுதல் மனிதகுலம் எண்ணியிருந்த எண்ணம் அன்று பொய்த்தது.

இந்த யந்திரத்தால் என்னென்ன பயன் உண்டு என்று 1878இல் எடிசன் ஒரு பட்டியல் வெளியிட்டார். அப்பட்டியலின் தலையில் நின்றது சங்கீதமன்று. கடிதம் எழுதுதலே! சுருக்கெழுத்தாளன் துணையின்றி எஜமானர் பேச, யந்திரமே அதை வாங்கிக்கொள்ளும் என்பது அவர் கருத்து. நம்போன்ற கிராணிகளின் வயிற்றில் அடிப்பதற்காகவே அது பிறந்ததுபோலும்! நிற்க. குருடர்க்குப் புத்தகம், பேச்சுப் பயிற்சி, சங்கீதம் என்பவற்றை அடுத்து, குடும்பத்தாரின் குரலையும், உயிர் பிரியும் தறுவாயில் உள்ளோரின் இறுதி மொழிகளையும் சேமித்து வைத்தலையும் அவர் ஒரு பயனாகக் கூறியிருந்தார். ஆகவே, பாட்டன் பாட்டியின் குரலைப் பேரன் கேட்கலாம் என்னும் எண்ணம் யந்திரத்துடன் கூடவே பிறந்த எண்ணமாகும்.

எடிசனின் யந்திரத்தில் ஒரு பெருங்குணம் இருந்தது. அது கேட்கவும் செய்யும், பதியவும் செய்யும். வாங்கியவன் எவனாயினும் தன் குரலைத் தானே பதிந்துகொள்ளலாம். ஆனால் ஒரு பதிவிலிருந்து ஆயிரம் நகல் எடுத்தல் அதில் எளிதன்று. இக்குறையை நீக்கியவர் எமில் பெர்லினர் என்பவர். 1887இல் அவர் கண்ட கிராமபோன், உருளையைவிட்டுத் தட்டையான தட்டைக் கைக்கொண்டது. ஒரு மூலத்தட்டிலிருந்து அச்சு எடுத்து, புத்தகம் அச்சடிப்பதுபோல் எத்தனை தட்டு வேண்டுமாயினும் அடிக்கலாம். வியாபாரிகளுக்கு வேறென்ன வேண்டும்? கிராமபோன் உலகை வென்றது. ஆனால் வீட்டிலிருந்த கிராமபோன் பாடுமேயொழியப் பதியாது. எடிசன் யந்திரம் பொதுமக்களுக்குக் கொடுத்த பேசும் உரிமையைத் தட்டு பறித்துக்கொண்டு, கேட்கும் உரிமையை மட்டும் மிச்சம் வைத்தது. எவர் குரல் தட்டில் ஏறவேண்டும் என்பதைக் கம்பெனிக்காரர் தீர்மானித்தனர். விலைபோகும் குரலே குரல் என்றாயிற்று.

தட்டில் ஏறிய குரல்கள்

கிராமபோன் கம்பெனியின் நிபுணர் பிரெட் கெய்ஸ்பர்க் 1902ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டைப் பதிந்தார். தட்டு அச்சாவது ஜெர்மனி தேசத்து ஹனோவர் நகரில். அங்குள்ள தொழிலாளிக்குப் பாடியவர் இன்னாரென்று தெரிவதற்காகப் பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் உரைப்பார். கெய்ஸ்பர்க் ஜப்பான், சீனம் எங்கும் சுற்றி 1903இல் சிங்கப்பூருக்கும் வந்து மலாய்ப் பாடல்களைப் பதிந்து சென்றார். ஆகவே நம் தீபகற்பத்தின் வாயிலுக்கு அந்த யந்திரம் வந்து நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன.

தமிழ்நாட்டில் முதன்முதல் தட்டில் பாடியவர் யாவர்? சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, காஞ்சிபுரம் தனகோடி முதலிய பெண்மணிகள். சமூகம் பொட்டுக்கட்டி, தாசியென்று பெயரிட்டு ஒதுக்கிவைத்த குலத்தில் பிறந்தவர்கள் இவர்களிற் பலர். பெரிய வித்துவான்கள், தங்கள் சங்கீதம் கண்ட கடையிலும் கண்டவர் காதிலும் விழுமே என்று ஆதியில் தயங்கி நின்றனர். இழப்பதற்கு மதிப்பொன்றும் வைக்கப்படாத அப்பெண்களோ துணிந்து பாடினர். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிஷந்தான். மணிக்கணக்கில் விரியும் இராகத்தை அந்தச் சிமிழுக்குள் அடக்கிக் காட்டினர். கோயம்புத்தூர் தாயியின் தட்டுகளைக் கேட்டு வியந்த பிரெஞ்சு இசைவாணர் மோரிஸ் தெலாஜ், 1912-13இல் தாம் இயற்றிய இந்தியப் பாடல்களில் அக்குரலின் போக்கைத் தழுவி அமைத்தார். பின்னர்ப் பணமும் புகழும் வருவது கண்டு வித்துவான்களும் வந்து சேர்ந்தனர்.

தட்டு விலைபோகும் குரலைத்தான் தேடியது என்பதற்கு மற்றொரு சான்றும் கூறுவோம். சுப்பிரமணிய பாரதியார் 1921இல் இறந்தார். அதற்கு முன்பே சென்னையில் தட்டுப்பதிவு நடந்துவந்தது. தம் பாட்டைத் தாமே உரக்கப் பாடித் திரிந்த அக்கவிஞரின் குரலில் ஒரு தட்டேனும் நமக்கு இல்லை. நாடு போற்றும் கவிஞர்க்கே இக்கதியென்றால், கொழுந்து கிள்ளப்போனவனையும் பால்மரம் வெட்டவந்தவளையும் யார் கேட்டார்கள்?

ஏழையின் குரலைக் கேட்ட இடங்கள் உலகில் இருக்கவே செய்தன. ஆனால் கேட்ட காரணம் வேறு. முதல் உலக யுத்தத்தில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களைப் பெர்லினுக்கு அருகிலுள்ள வூன்ஸ்டார்ப் முகாமில் வைத்திருந்தனர். மொழியாராய்ச்சியாளர் அங்கே சென்று அவர்களைப் பேசச்செய்து தட்டில் பதிந்தனர். 1916 டிசம்பர் 11ஆம் நாள் மால் சிங் என்னும் பஞ்சாபிச் சிப்பாய் ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேலாகப் பேசினார். ஊரிலே வெண்ணெய் தின்று வாழ்ந்த ஒருவன் ஐரோப்பிய யுத்தத்துக்கு வந்து அகப்பட்டுக்கொண்டான், அவன் ஊர் திரும்ப விரும்புகிறான் என்று தம்மையே மூன்றாம் மனிதர்போல் வைத்துச் சொன்னார். கேட்டவர்க்கு வேண்டியது உச்சரிப்பு. அவருக்கு வேண்டியது வீடு. எனினும் அத்தட்டு இருந்தமையால் நூறாண்டு கழித்தும் அந்தச் சிப்பாயின் ஏக்கம் நம் காதில் விழுகின்றது.

கிள்ளானில் எழுந்த குரல்

இனி நமது நாட்டுக்கு வருவோம். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது முதல், உடலுழைப்புக்கு ஆள் அனுப்புவதை இந்திய சர்க்கார் 1938இல் தடுத்தது வரை, கங்காணிமார் மூலமும் வேறு வழியாகவும் தமிழ்த் தொழிலாளர் இங்குக் கொண்டுவரப்பட்டனர். பினாங்கிலும், இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கி, தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் அடைபட்டு, பின்பு தோட்டந்தோட்டமாகப் பிரிந்து போயினர். கிராமபோன் பெட்டி சாவி கொடுத்தால் ஓடுவதாதலால் அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. எனவே வசதியுள்ள கிராணிமார், கங்காணிமார் வீடுகளிலும் பட்டணத்துக் கடைகளிலும் அது பாடிற்று. தொழிலாளி வெளியே நின்று கேட்டான். அவன் கேட்டது கிட்டப்பாவையும் சுந்தராம்பாளையும். அவனை யாரும் கேட்கவில்லை.

அவன் ஒருமுறை வாய் திறந்தான். 1941ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் முன்னின்றார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குத் தகுந்த கல்வி, வைத்திய வசதி, கள்ளுக்கடை மூடல், பெண்களைத் தொந்தரவு செய்யாமை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவை கோரிக்கைகள். துரையையும் உத்தியோகஸ்தரையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. கொடுமை செய்யும் உத்தியோகஸ்தரை நீக்கித் தமிழ் பேசத் தெரிந்தவரை வைக்கவேண்டும் என்பது மற்றொன்று. இக்கடைசிக் கோரிக்கை துரைமாரை மட்டும் சுட்டியதன்று. ஆங்கிலம் படித்த கிராணி வர்க்கத்தையும் சேர்த்தே சுட்டியது. அவ்வர்க்கத்தில் வந்த நாம் இதை மறைக்க விரும்பவில்லை.

மே மாதத்தில் நாதன் கைதாகிப் பின் நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. இன்று அப்போராட்டத்தைப் பற்றி ஆராய்வோன் எதைப் படிக்கிறான்? பெரும்பாலும் அதிகாரிகள் ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கைகளையும் தந்திகளையுமே. சுட்டவர் தரப்பு எழுத்தாக நிற்கிறது. சுடப்பட்டவர் தரப்பு லயத்துத் திண்ணைகளில் பேசப்பட்டுக் காற்றோடு போய்விட்டது.

அடுத்து வந்தது ஜப்பானியர் ஆட்சி. 1942 முதல் 1943 வரை போடப்பட்ட சயாம்-பர்மா ரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அங்கே கொண்டுபோகப்பட்டனர். காலராவிலும் பசியிலும் மாண்டோர் தொகை பெரிது. அதே பாதையில் உழைத்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் நாட்குறிப்பு எழுதினர், நூல் எழுதினர். 1957இல் அவர்களைப் பற்றிய திரைப்படமும் வந்து உலகெங்கும் ஓடியது. தமிழர் எழுதப் படிக்கத் தெரியாதார். அவர்களிடம் இருந்தது குரல் ஒன்றே. பிற்காலத்தில் எஞ்சியோரைச் சிலர் தேடிச்சென்று பதிந்தனர் என்பது மெய். ஆனால் மிகப்பலர் அதற்கு முன்பே மண்ணுக்குள் போய்விட்டனர்.

துருவில் எழுதும் வித்தை

கிள்ளானில் துப்பாக்கி வெடித்த அதே காலத்தில், ஜெர்மனியில் குரலைப் பதியும் வேறொரு வித்தை கைகூடியிருந்தது. அதன் மூலம் டென்மார்க்கு தேசத்தில் உள்ளது. வால்டிமர் பௌல்சன் என்பவர் 1898இல், ஊசியும் பள்ளமும் இன்றி, எஃகுக் கம்பியில் காந்தத்தால் ஒலியைப் பதியலாம் என்று காட்டினார். 1900இல் பாரிஸ் பொருட்காட்சியில் ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் அதில் பேசினார். அக்குரல் இன்றும் இருக்கின்றது. ஆனால் ஒலி மிக மெலிதாயிருந்தது. அதைப் பெருக்கிக் காட்டும் வால்வுகள் அப்போது இல்லாமையால் யந்திரம் பரவவில்லை.

1928இல் பிரிட்ஸ் பிளாய்மர் என்னும் ஜெர்மானியர், சிகரெட்டுத் தாளில் பொன்னிறப் பட்டை ஒட்டும் தொழிலில் பெற்ற அனுபவத்தைக் கொண்டு, தாள் நாடாவின்மேல் இரும்புப் பொடி பூசி அதில் ஒலியைப் பதியும் முறைக்கு உரிமை பெற்றார். ஏஇஜி கம்பெனி யந்திரத்தையும் பாஸ்ப் கம்பெனி பிளாஸ்டிக் நாடாவையும் செய்ய, 1935இல் பெர்லின் பொருட்காட்சியில் மேக்னட்டோபோன் வெளிவந்தது. 1940இல் உயர் அதிர்வு மின்சாரத்தைக் கூடச் செலுத்தி இரைச்சலை ஒழிக்கும் முறையும் கைவந்தது. யுத்தம் முடிந்ததும் ஜாக் முல்லின் என்னும் அமெரிக்க இராணுவப் பொறியாளர் இரண்டு யந்திரங்களைத் தம் ஊருக்குக் கொண்டுசென்றார். 1947இல் பாடகர் பிங் கிராஸ்பியின் வானொலி நிகழ்ச்சி நாடாவில் பதியப்பட்டது. 1948இல் ஆம்பெக்ஸ் கம்பெனி அமெரிக்காவில் அவ்வகை யந்திரங்களைச் செய்து விற்கத் தொடங்கிற்று.

இதன் இயக்கம் கடினமானதன்று. ஒலிவாங்கியில் பேசும்போது பேச்சு மின்னோட்டமாகின்றது. அம்மின்னோட்டம் ஏறி இறங்குவதற்கேற்ப ஒரு சிறு காந்தத்தின் வலிமையும் ஏறி இறங்கும். அக்காந்தத்தின் முன்னே நாடா ஓடுகின்றது. நாடாவின்மேல் பூசப்பட்டிருப்பது இரும்பின் ஆக்சைடு. அஃதாவது நாம் துரு என்று சொல்லும் இனத்துப் பொருள். அந்தத் துருத் துகள்கள் காந்தம் சொன்னபடி காந்தமேறி நிற்கும். மீண்டும் ஓட்டினால் அவை மின்னோட்டமாகி ஒலியைத் தரும். இதற்குமுன் நாடா அழிகாந்தம் ஒன்றைக் கடந்துவரும். அது பழையதைத் துடைத்துவிட்டுப் புதியதற்கு இடம் செய்யும். எழுதவும் அழிக்கவும் கூடிய சிலேட்டுப் பலகை போன்றது ஒலிநாடா. இதுவே அதன் வரம், இதுவே அதன் சாபமும் ஆகும்.

லயத்துக்கு வந்த யந்திரம்

1946 ஏப்ரலில் ரேடியோ மலாயா தொடங்கிற்று. நாடாச் சுருள் யந்திரங்கள் வானொலி நிலையங்களுக்கும் செல்வர் இல்லங்களுக்கும் வந்தன. அவை கனமானவை. விலை அதிகம். சுவரிலிருந்து மின்சாரம் வேண்டுபவை. பல தோட்டத்து லயங்களிலோ மண்ணெண்ணெய் விளக்குத்தான் எரிந்தது. மின்சாரம் உண்டென்றாலும் மாலையில் சில மணி நேரமே. ஆகவே பிரிக்ஃபீல்ட்சின் ரயில்வே குடியிருப்பில் கேட்க முடிந்த யந்திரம், கிள்ளானுக்கு அப்பாலுள்ள தோட்டத்தில் ஓட முடியவில்லை.

இத்தடையைத் தகர்த்தவை இரண்டு. ஒன்று, 1947இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ட டிரான்சிஸ்டர். அதனால் யந்திரம் சிறுத்தது. பாட்டரியிலேயே ஓடியது. மற்றொன்று, லூ ஓட்டன்ஸ் என்பவரின் தலைமையில் பிலிப்ஸ் கம்பெனி 1963இல் பெர்லினில் வெளியிட்ட கேசட். நாலு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகல நாடா, விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். அறுபது நிமிஷக் கேசட்டில் சுமார் 90 மீட்டர் நாடா உண்டு. காரியாலயத்தில் கடிதம் சொல்வதற்கென்றே முதலில் கருதப்பட்ட பொருள் இது. எடிசனின் எண்ணம் எண்பத்தைந்து ஆண்டு கழித்து மறுபடி உருவெடுத்தது. இம்முறை விலை எளியோர்க்கும் எட்டியது. பெர்லினரின் தட்டு பறித்துக்கொண்ட பேசும் உரிமை, சிவப்புப் பொத்தான் ஒன்றின் வடிவில் மக்களிடம் திரும்பி வந்தது.

அவ்வுரிமையை உலகம் பலவாறு பயன்படுத்திற்று. அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் தம் அறையிலேயே இரகசியமாக வைத்த நாடாக்கள் அவருக்கே பகையாகி, 1974 ஆகஸ்டு 9ஆம் நாள் அவரைப் பதவியிலிருந்து இறக்கின. அவற்றுள் ஒன்றில் பதினெட்டரை நிமிஷப் பேச்சு அழிக்கப்பட்டிருந்தது. ஈரானில் கோமேனியின் பிரசங்கங்கள் கேசட்டுகளாக நாடெங்கும் பரவி, 1979இல் மன்னராட்சி கவிழ உதவின. யந்திரத்துக்குக் கட்சியில்லை, சமயமில்லை. பேசத் துணிந்தவன் பக்கம் அது நிற்கும்.

நாம் என்ன செய்தோம்? எழுபது, எண்பதுகளில் தோட்டத்து வீடுகளில் கேசட்டு யந்திரம் குடியேறிற்று. கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் அது முழங்கிற்று. பிரிக்ஃபீல்ட்சிலும் கிள்ளான் தெங்கு கிளானா வீதியிலும் கேசட்டுக் கடைகள் தெருவதிரப் பாட்டு வைத்தன. தமிழ்நாட்டிலிருந்த உறவினருக்குக் குரலையே கடிதமாகப் பதிந்து அனுப்பிய குடும்பங்களும் உண்டு. ஆனால் மொத்தத்தில் நாம் சினிமாப் பாட்டையே கேட்டோம், அதையே பதிந்தோம். பதியும் பொத்தான் கையில் இருந்தும், திண்ணையில் உட்கார்ந்திருந்த கிழவியிடம் ஒலிவாங்கியை நீட்டியவர் சிலரே.

நம் கையால் நடந்தது

பிறரைக் குறைகூறுமுன் நம்மைக் கூறிக்கொள்வது நேர்மை. நம் பாட்டி கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். அவருடைய தகப்பனார் சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர். நாம் சிறுவனாயிருந்தபோது, தாய்மாமன் ஒருவர் பாட்டியை உட்காரவைத்து, அறுபது நிமிஷக் கேசட்டின் இரு பக்கமும் அவரைப் பேசவிட்டுப் பதிந்தார். லாரியில் ஏற்றிப்போன நாளையும், மரவள்ளிக்கிழங்கு தின்று பிழைத்ததையும் பாட்டி சொன்னார். தம் தகப்பனாருக்காகத் தம் தாய் பாடிய ஒப்பாரியையும் பாடினார். மறு ஆண்டு அவர் இறந்தார்.

நமக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆங்கிலப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தோம். பாட்டியின் பேச்சு நமக்குக் கொச்சையாகப்பட்டது. வானொலியில் புதுப் பாட்டுகள் வந்தன. வெறும் கேசட்டு கையில் இல்லை. மேசைமேலிருந்த அக்கேசட்டை எடுத்துப் போட்டுச் சிவப்புப் பொத்தானை அழுத்தினோம். இரு பக்கமும் சினிமாப் பாட்டு நிறைந்தது. இரண்டாம் பக்கத்தின் இறுதியில் மட்டும் ஏறக்குறைய இரண்டு நிமிஷம் தப்பியது. அதில் பாட்டி அரிசி விலையைப் பற்றிப் பேசுகிறார். சயாம் இல்லை, ஒப்பாரி இல்லை. மாமா நம்மை அடிக்கவில்லை. கேசட்டை வாங்கிப் பெட்டியில் வைத்தார், அவ்வளவே. கேசட்டின் முதுகிலுள்ள இரு சிறு பிளாஸ்டிக் நாக்குகளை ஒடித்துவிட்டிருந்தால் அதன்மேல் மறுபடி பதிய முடியாது என்பதை நாம் பின்னர் அறிந்தோம்.

ஆகவே, வெள்ளைக்காரத் துரை நம்மவர் குரலைப் பதியவில்லை என்று குற்றம் சாட்டுமுன், பதிந்ததை அழித்த கை யாருடையது என்றும் கேட்டுக்கொள்ளவேண்டும்.

இனிச் செய்யவேண்டுவது

இக்குரல்கள் வாழ்ந்த இடங்களும் இன்றில்லை. 1952 முதல் எஃபிங்காம் தோட்டம் பெட்டாலிங் ஜெயாவாயிற்று. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலமாயிற்று. சீஃபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவாயிற்று. லயம் இடிந்தது. கோயில் பெயர்ந்தது. ஜனங்கள் அடுக்குமாடிகளுக்குச் சிதறினர். இடம் போனால் நினைவும் போகும். ஏனெனில் நம்மவர் நினைவு ஏட்டில் இல்லை. இந்த மரத்தடி, அந்தப் பெரட்டுக் களம், ஆயாக்கொட்டகை என்று இடத்தோடு ஒட்டியே இருந்தது. சிங்கப்பூரில் 1979இல் அரசாங்கமே வாய்மொழி வரலாற்றுக்கென ஒரு நிலையம் அமைத்துத் தமிழிலும் பேட்டிகளைப் பதிந்துவைத்தது. நம் நாட்டிலும் 1957இல் அமைந்த தேசிய ஆவணக் காப்பகம் வாய்மொழிப் பதிவுகளைச் சேர்த்துள்ளது. ஆனால் அரசாங்க அதிகாரி ஒவ்வொரு வீட்டுத் திண்ணைக்கும் வரமாட்டார்.

பெட்டியில் கிடக்கும் பழைய கேசட்டுகளும் என்றும் இருப்பவையல்ல. நம் நாட்டு ஈரக்காற்றில் நாடா பூஞ்சணம் பிடிக்கின்றது. துருவைப் பிளாஸ்டிக்கோடு பிடித்துவைத்திருக்கும் பசை இளகி உதிர்கின்றது. ஓட்டும் யந்திரங்களும் அருகிவிட்டன. ஆகவே அவற்றை ஒலிபெருக்கிக்கும் வேறு காந்தப் பொருள்களுக்கும் தூரமாக, ஈரமற்ற இடத்தில் நிறுத்தி வைத்து, விரைவில் கணிப்பொறிக்கு மாற்றிக்கொள்ளவேண்டும். மாற்றியதை ஓரிடத்தில் மட்டும் வைக்காமல் இரண்டு மூன்று இடங்களில் வைத்தல் நலம்.

இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் கைப்பேசி, மேக்னட்டோபோன் செய்யாத வேலையெல்லாம் செய்யும். நூற்றுக்கணக்கான மணி நேரம் பதியும். இனி யந்திரத்தின்மேல் பழி போடமுடியாது. வீட்டிலுள்ள முதியவரின் சம்மதம் பெற்று, பெயர், ஊர், தேதி ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே சொல்லவைத்து, குறுக்கிடாமல் பேசவிடுங்கள். எந்தத் தோட்டம், எந்தத் தண்டல், எவ்வளவு கூலி, என்ன பாட்டு என்று கேளுங்கள். பெண்களை முதலில் கேளுங்கள். ஆண்கள் சங்கத்தைப் பற்றிச் சொல்வார்கள். பெண்கள் அடுப்பைப் பற்றியும் பிரசவத்தைப் பற்றியும் அவமானத்தைப் பற்றியும் சொல்வார்கள். அவையும் சரித்திரமே.

இதற்குத் தடையாக இரண்டு மூடத்தனங்கள் நம்மிடையே உள்ளன. ஒன்று, சாவில்லாத வீட்டில் ஒப்பாரி பாடினால் ஆகாது என்பது. பாட்டினால் சாவு வருவதானால், பாடாத வீட்டில் ஒருவரும் செத்திருக்கமாட்டார்கள். மற்றொன்று, தோட்டத்துப் பேச்சு கொச்சை, அதைப் பதிவது அவமானம் என்று படித்தவர் கொள்ளும் நாணம். பன்னிரண்டு வயதில் நாம் கொண்ட நாணமும் இதுவே. அதற்கு நாம் கொடுத்த விலை ஒருமணி நேரக் குரல். இனி எத்தனை கோடி கொடுத்தாலும் அது வாராது.

கோதாவரியும் தாயியும் தங்களை இகழ்ந்த சமூகத்தின் முன் துணிந்து பாடினார்கள். அவர்கள் குரல் நிற்கிறது. எண்பது வயதைக் கடந்த தோட்டத்து முதியோர் இன்னும் சிலர் நம் வீடுகளில் இருக்கின்றனர். செக்ரோல் அவர்களுக்குப் பெயர் கொடுத்தது, நம்பர் கொடுத்தது. குரல் கொடுக்கவேண்டியது அவர்களுடைய பேரர்களின் கடமை. இவ்வாரத்து ஞாயிற்றுக்கிழமையே அதற்கு ஏற்ற நாளாகும்.